கொங்குநாட்டு மேய்ச்சல் நிலங்களில் உண்ணிகளின் அன்றாட இயக்கமும் வானிலைக் கூறுகளும்

ஆய்வுச் சுருக்கம்

மழைக்குப் பின் உண்ணி பெருகும் என்பது கால்நடை வளர்ப்போர் அனைவரும் அறிந்த செய்தி. ஆயினும் அதே மழைக்காலத்தின் ஒரே நாளில், பனி உலராத காலையில் மேயும் மாடும் வெயில் ஏறிய பின் மேயும் மாடும் உண்ணியை ஒரே அளவில் எதிர்கொள்வதில்லை. உண்ணியின் இயக்கத்தை முடிவு செய்வது மாதச் சராசரி வெப்பமோ மாத மழையளவோ அன்று. புல்லின் அடிக்கும் நுனிக்கும் இடையே காற்றின் உலர்த்தும் ஆற்றல் மணிக்கு மணி மாறும் விதமே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கொங்குப் பகுதியின் தட்பவெப்பம், கொறங்காடு என்னும் மேய்ச்சல் முறை, காங்கேயம் மாட்டினம் ஆகியவற்றோடு இவ்விளக்கத்தைப் பொருத்தி, மேய்ச்சல் நிலத்தை ஓய்வாக விடுதல், மருந்து தெளித்தல் ஆகியவற்றுக்கான காலத் தேர்வு இதனால் எவ்வாறு மாறுகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உண்ணி, ஒப்பு ஈரப்பதம், நிறைவுப் பற்றாக்குறை, கொறங்காடு, காங்கேயம் மாடு, பாலக்காட்டுக் கணவாய்.

முன்னுரை

கோயம்புத்தூரின் ஆண்டு மழை 700 மி.மீ.க்குச் சற்றுக் குறைவானது. அதில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவத்தின் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் தடுத்துக்கொள்கிறது. அப்பருவத்தின் காற்று மட்டும் பாலக்காட்டுக் கணவாய் வழியே தடையின்றி வந்து பல்லடம், உடுமலை, தாராபுரம் வரை வீசுகிறது. மழை ஒரு பருவத்திலும் காற்று மற்றொரு பருவத்திலும் மிகுவது இந்நிலப்பகுதியின் இயல்பு. உண்ணியின் வாழ்வைப் புரிந்துகொள்ள இவ்வியல்பை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

உண்ணிக்கும் வானிலைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய விரிவான ஆய்வுகள் பல ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுந்தவை. அங்கே ஆட்டுண்ணி என அறியப்படும் இக்சோடிஸ் ரிசினஸ், வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசைக் கடந்த பின்னரே புல்லில் ஏறத் தொடங்கும் என்பது பாடநூற் செய்தி. குளிர் விலகும் நாளை எதிர்நோக்கி எழுதப்பட்ட அந்நூல்களின் சட்டகத்தை இங்கே அப்படியே பொருத்துவது பொருந்தாது. மார்கழி இரவிலும் கோவைச் சமவெளியின் வெப்பநிலை 15 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. வெப்பம் போதுமா என்பது அங்குள்ள கேள்வி. ஈரம் போதுமா என்பது இங்குள்ள கேள்வி. இவ்விரண்டாம் கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

உண்ணி என்னும் சொல்

‘உண்’ என்னும் வினையடியாகப் பிறந்த இப்பெயர், ஓம்புயிரின் உடலில் பற்றி அதன் குருதியை உண்ணும் சிற்றுயிரைக் குறிக்கிறது. மாட்டுண்ணி, நாயுண்ணி என ஓம்புயிரால் பெயர் பெறுவதும் உண்டு. இது பூச்சியினம் அன்று. வளர்ந்த நிலையில் எட்டுக் கால்களை உடையது. சிலந்தி, தேள் ஆகியவற்றோடு ஒரே வகுப்பில் அடங்குவது. கொங்குப் பகுதியின் தரிசுகளிலும் காட்டோரங்களிலும் மண்டிக் கிடக்கும் லன்டானா கமாரா என்னும் அயல்நாட்டுச் செடிக்கு உண்ணிச்செடி என்ற பெயர் வழங்குகிறது. அச்செடியின் இலை உண்ணிக்கு எதிரான மூலிகைக் கலவைகளில் வேப்பிலை, வசம்பு, மஞ்சள், பூண்டு, துளசி ஆகியவற்றோடு சேர்க்கப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

இச்சொல்லின் பொருளெல்லை அண்மைக்காலத்தில் குழம்பியுள்ளது. ஸ்க்ரப் டைபஸ் என்னும் நோயைத் தமிழ் நாளிதழ்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுகின்றன. அந்நோயின் காரணியான ஒரியன்சியா சுட்சுகாமுசி என்னும் நுண்ணுயிரை மனிதருக்குக் கடத்துவது உண்ணி அன்று. வேளாண் நூல்களில் சிலந்திப்பேன் என வழங்கும் உயிர்களுக்கு உறவான டிராம்பிகுலிட் இனத்தின் இளம்பருவமே அதைக் கடத்துகிறது. அது கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை, புதரடியில் எலி முதலியவற்றின் மீதோ தற்செயலாக மனிதர் மீதோ ஏறி, குருதியை அன்றித் திசுநீரையே உண்பது. ‘உடலில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அகற்றுங்கள்’ என்னும் அறிவுரை மாட்டுண்ணிக்குப் பொருந்தும், இந்நோய்க்குப் பொருந்தாது. வீட்டு நாயையும் தொழுவத்து மாட்டையும் ஐயுற்று எலியையும் புதரையும் மறந்துவிடும் நிலைக்கு இப்பெயர் இட்டுச்செல்லக்கூடும். பெயர் மக்களிடையே நிலைத்துவிட்டது. அதனை மாற்றுவது எளிதன்று. ஆய்வெழுத்திலாவது இரண்டையும் பிரித்தெழுதுவது கடமை. இக்கட்டுரையில் உண்ணி என்பது கால்நடை, நாய், காட்டுவிலங்கு ஆகியவற்றின் வன்தோல் உண்ணிகளை மட்டுமே குறிக்கும்.

நீரிழப்பும் நீர்மீட்பும்

கொங்குப் பகுதியின் மாடுகளில் முதன்மையாகக் காணப்படுவது ரைப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ் என்னும் ஓரோம்புயிர் உண்ணி. முட்டையிலிருந்து வெளிவரும் ஆறுகால் இளவுண்ணி புல்லில் ஏறிக் காத்திருந்து மாட்டைப் பற்றுகிறது. அதன்பின் தோலுரித்து எட்டுக்கால் இடைப்பருவமாவதும், மீண்டும் தோலுரித்து முதிர்வதும், புணர்வதும், குருதி நிரம்ப உண்டு பருப்பதும் அம்மாட்டின் உடலிலேயே நிகழ்கின்றன. இதற்கு ஏறத்தாழ 21 நாட்கள் ஆகும். பின்னர்ப் பருத்த பெண் உண்ணி நிலத்தில் விழுந்து, கல்லடியிலோ சாணத்தடியிலோ புல்தூரிலோ மறைந்து, 2000 முதல் 3000 முட்டைகள் வரை இட்டு மடிகிறது. எனவே இவ்வினத்தைப் பொறுத்தவரை வானிலைக்கு நேரடியாக ஆட்படுவன மூன்றே: விழுந்த பெண், முட்டை, புல்லேறிய இளவுண்ணி. ‘அன்றாட இயக்கம்’ என்று நாம் பேசுவது பெரும்பாலும் மூன்றாவதைப் பற்றியதே.

ஆங்கில நூல்களில் இக்காத்திருப்பைக் குறிக்கும் சொல் ‘தேடிச் செல்லுதல்’ என்னும் பொருளுடையது. உண்மையில் இளவுண்ணி எதையும் தேடிச் செல்வதில்லை. புல்நுனியருகே கொத்தாகக் கூடி, முன்னங்கால்களை விரித்து நிற்கிறது. முன்காலின் முனையில் ஹாலர் உறுப்பு என்னும் நுண்குழி உள்ளது. 1881இல் இதனை விளக்கியவர் பெயரால் இது வழங்குகிறது. மாட்டின் மூச்சில் வரும் கரியமில வாயு, உடற்சூடு, வாடை, காற்றின் ஈரம் ஆகியவற்றை உணர்வது இவ்வுறுப்பே. ஆகவே ‘காத்திருப்பு’ என்ற சொல்லையே இங்கு ஆள்கிறோம்.

காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு. அரை மில்லிமீட்டர் அளவேயுள்ள உடலுக்கு, அதன் கொள்ளளவோடு ஒப்பிட மேற்பரப்பு மிகப் பெரிது. நீர் விரைந்து வெளியேறும். உண்ணியின் நீர்ச்சமநிலையை ஆராய்ந்து ஏ. டி. லீஸ் 1946இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடித்தளம். புறத்தோலின் மெழுகுப் படலம் நீரிழப்பைக் குறைக்கிறது. காற்றில் ஈரம் ஓரளவுக்கு மேல் இருந்தால் உண்ணி அதிலிருந்தே நீரை ஈர்த்துக்கொள்ளவும் வல்லது. உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து உப்புச்செறிந்த நீர்மத்தை வாயுறுப்பின் மேல் கசியவிட்டு, அது காற்றின் ஈரத்தை உறிஞ்சியபின் அதனை விழுங்குகிறது என்பது பின்வந்த ஆய்வுகளின் விளக்கம். இவ்வாறு நீரை மீட்கத் தேவையான ஒப்பு ஈரப்பதம், இனத்துக்கு இனம் 75 முதல் 95 விழுக்காடு வரை வேறுபடுகிறது. அதற்குக் கீழே ஒவ்வொரு நிமிடமும் இழப்பே.

இங்கே ஒப்பு ஈரப்பதத்தை மட்டும் கொண்டு கணக்கிடுவது போதாது. காற்று எவ்வளவு நீராவியை இன்னும் ஏற்க வல்லது என்பதே அதன் உலர்த்தும் ஆற்றல். இதனை நிறைவுப் பற்றாக்குறை என்பர். ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். 24 பாகை வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஐப்பசிக் காலையில் இப்பற்றாக்குறை ஏறத்தாழ 3 ஹெக்டோபாஸ்கல். 35 பாகையும் 35 விழுக்காடும் உள்ள பங்குனிப் பிற்பகலில் அது 36 ஹெக்டோபாஸ்கலைக் கடக்கும். பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. ஈரப்பதம் 60 விழுக்காடாகவே மாறாதிருந்தாலும், 20 பாகையில் 9 ஆக உள்ள பற்றாக்குறை 35 பாகையில் 22 ஆகிவிடுகிறது. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தனித்தனி மாறிகளாக வைத்து உண்ணி எண்ணிக்கையோடு ஒட்டுறவு காணும் ஆய்வுகள் முரண்பட்ட முடிவுகளைத் தருவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம் எனக் கருத இடமுண்டு.

யாக்கோப் பான் உக்ஸ்குல் 1934இல் எழுதிய நூலில், உண்ணியின் உலகம் மூன்றே குறிகளால் ஆனது என்றார்: பாலூட்டியின் தோல்வாடை, சூடு, மயிர்த்தொடுகை. தத்துவ வகுப்புகளில் இன்றும் சுட்டப்படும் அவ்வுண்ணி கிளையில் ஆண்டுக்கணக்கில் அசையாது காத்திருக்கிறது. அழகிய சித்திரந்தான், ஆனால் அதில் தாகம் இல்லை. கொங்குநாட்டுக் கோடையில் அவ்வுண்ணி சில வாரங்கள் தாங்கினாலே பெரிது.

ஒரு நாளின் போக்கு

இரவில் நிலம் குளிர்கிறது. புல்லடியில் காற்று ஈரத்தால் நிறைகிறது. பின்னிரவில் பனி படிகிறது. இளவுண்ணி இவ்வேளையில் இழந்த நீரை மீட்டுக்கொள்கிறது. விடியலில் புல்நுனிக்கு அருகே நிற்கும் கொத்துகள் மிகுதி. வெயில் ஏற ஏற, பனி உலர்ந்து நுனிப்பகுதியின் பற்றாக்குறை உயரும்போது, அவை இலையின் நிழற்புறத்துக்கு மாறுகின்றன. மேலும் உலர்ந்தால் தூரை நோக்கி இறங்குகின்றன. மாலை நிழல் நீண்டபின் மீண்டும் ஏற்றம். நாளொன்றுக்கு இரு முகடுகளும் நடுவில் ஒரு பள்ளமும் கொண்ட இவ்வடிவம் வெப்பமண்டல மேய்ச்சல் நிலங்களுக்குப் பொதுவானது. முகிலடர்ந்த மெல்லிய தூறல் நாளில் பள்ளம் மறைந்து, பகல் முழுதும் காத்திருப்பு நீடிக்கக்கூடும். கனமழையோ இளவுண்ணிகளைப் புல்லிலிருந்து அடித்து வீழ்த்தி அன்றைய இயக்கத்தைக் குலைத்துவிடும்.

ஏறி இறங்குவதற்குப் புதிய உணவு எதுவும் இல்லை. முட்டையிலிருந்து கொண்டுவந்த கொழுப்பே கையிருப்பு. உலர்ந்த நாட்களில் அடிக்கடி இறங்கி ஏறும் இளவுண்ணி தாகத்தால் மட்டுமன்றிக் களைப்பாலும் மடிகிறது. வெப்பம் இங்கே இருவகையில் செயற்படுகிறது: நீரிழப்பை உயர்த்துகிறது, உடற்செயலை விரைவுபடுத்திக் கையிருப்பைக் கரைக்கிறது.

முகடும் பள்ளமும் ஓம்புயிரின் உடலிலும் எதிரொலிக்கின்றன. மாட்டின் மேல் முழுவதும் பருத்த பெண் உண்ணிகள் இரவில் விரைந்து குருதி நிரப்பிக்கொண்டு, பெரும்பாலும் காலை வேளையிலேயே உடலைவிட்டு உதிர்கின்றன. மைக்ரோபிளஸ் இனத்தில் இவ்வொழுங்கு ஆஸ்திரேலிய ஆய்வுகளால் நிறுவப்பட்டது. வெயில் கடுக்கும்முன் நிலத்தில் விழுந்து மறைவிடம் அடைவதற்கு இது வாய்ப்பளிக்கிறது. இதன் விளைவு நடைமுறையில் பெரிது: காலை ஆறு மணிமுதல் பத்து மணிவரை மாடு எங்கே நிற்கிறதோ, அடுத்த தலைமுறை உண்ணி அங்கேதான் பிறக்கும். பால் கறந்து, தீனி தின்று, பத்து மணிவரை கட்டுத்தரையிலேயே நிற்கும் கலப்பினக் கறவைமாடு தன் உண்ணிகளைக் கட்டுத்தரையில் உதிர்க்கிறது. அவற்றுள் பல சாணத்தோடு வாரப்பட்டு எருக்குழிக்குச் செல்லும். நன்கு மக்கும் எருக்குவியலின் சூடு முட்டைகளை அழிக்க வல்லது. இரவும் பகலும் வேலிக்குள்ளேயே விடப்படும் மாடு அவற்றை மேய்ச்சல் நிலத்திலேயே விதைக்கிறது.

காலை 7.22, பிற்பகல் 2.22

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோவை வளாக வானிலைத் தரவுகளைப் பயன்படுத்தியோர் இவ்விரு நேரங்களையும் அறிவர். வேளாண் வானிலைப் பதிவு, உள்ளூர்ச் சராசரி நேரப்படி காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் எடுக்கப்படுவது. கோவையின் நிலநெடுங்கோடு இந்தியத் திட்ட நேரத்தின் நெடுங்கோட்டுக்கு ஐந்தரை பாகை மேற்கே இருப்பதால், கடிகாரத்தில் அது 7.22, 2.22 ஆகிறது.

உண்ணி ஆய்வாளனுக்கு இவ்விரு பதிவுகளும் தற்செயலாக வாய்த்த நன்மை. முதலாவது காலை முகட்டின் அருகில் அமைகிறது. இரண்டாவது நண்பகல் பள்ளத்தின் அடியில் அமைகிறது. ஆனால் ஆய்வேடுகளில் இவை இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, அதனையும் மாதத்துக்குச் சராசரியாக்கி, உண்ணி எண்ணிக்கையோடு ஒப்பிடும் வழக்கம் நிலவுகிறது. காலை 88, பிற்பகல் 32 என்னும் நாளும், காலை 66, பிற்பகல் 54 என்னும் நாளும் இக்கணக்கில் ஒரே நாளாகிவிடும். இரண்டின் சராசரியும் 60. உண்ணிக்கோ முதல் நாளில் நீரை மீட்கவும் காத்திருக்கவும் சில மணிநேரம் உண்டு. இரண்டாம் நாளில் ஒரு நிமிடமும் இல்லை. சராசரி மறைப்பது இந்த வேறுபாட்டையே.

வேறொரு குறையும் உண்டு. பதிவுக்கருவி நிழற்பெட்டிக்குள் மனிதன் நெஞ்சளவு உயரத்தில் உள்ளது. இளவுண்ணி வாழ்வது தரையிலிருந்து ஒரு முழத்துக்குள். வெயிலில் காயும் வெறுந்தரை, நிழற்பெட்டி காட்டும் வெப்பத்தைவிடப் பல பாகை மிகுந்திருக்கும். அடர்ந்த புல்தூரின் உள்ளே அதற்கு மாறாகக் குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கும். ஒரே வயலில், கைநீட்டும் தொலைவுக்குள், இரு வேறு தட்பவெப்பங்கள் நிலவுகின்றன. மாதச் சராசரிக்கு மாற்றாக, பற்றாக்குறை ஒரு வரம்புக்குக் கீழிருந்த மணிநேரங்களை நாள்தோறும் எண்ணுவதே தக்க அளவை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையங்கள் அமைந்துள்ள இக்காலத்தில் மணிவாரித் தரவு கிடைப்பது அரிதன்று. ஒரு மீட்டர் சதுர வெண்ணிறக் கம்பளித் துணியைப் புல்லின் மேல் இழுத்து, ஒட்டும் இளவுண்ணிகளை இரண்டு மணிக்கு ஒருமுறை எண்ணி, அவ்வரம்பை இனவாரியாகக் கண்டறியலாம். செலவு மிகக் குறைந்த, முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் செய்து முடிக்கத்தக்க பணி.

பாலக்காட்டுக் காற்று

ஆனி, ஆடி மாதங்களில் கொங்குச் சமவெளியின் வெப்பம் பங்குனியை விடத் தணிந்தே இருக்கும். வானம் முகிலாற் கவியும். இடையிடையே சாரலும் விழும். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் மட்டும் நோக்கினால் இது உண்ணிக்கு உகந்த காலம். ஆனால் காற்றாலைகள் முழுவீச்சில் சுழலும் காலமும் இதுவே. உயிருடலைச் சூழ்ந்துள்ள மெல்லிய ஈரக்காற்றுப் படலத்தைக் காற்று ஓயாது துடைத்தெடுக்கும்போது, அதே பற்றாக்குறையிலும் நீரிழப்பு விரைவாகிறது. அசையும் புல்நுனியில் கொத்தாக நிற்பதும் கடினம்; இளவுண்ணிகள் காற்றால் சிறிது தொலைவு அடித்துச் செல்லப்படுவதும் அறியப்பட்டதே. மேலும், இரவுக் காற்று நில்லாமல் வீசினால் பனி படியாது. நீர்மீட்புக்கான வேளையே சுருங்கிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் இவை அனைத்தும் தலைகீழாகின்றன. மண் நனைந்துள்ளது, புல் தழைத்துள்ளது, காற்று அடங்கியுள்ளது, பனி இறங்குகிறது. மழை ஓய்ந்தபின்னும் மார்கழி, தை மாதங்களின் காலைப்பனி இவ்வுகந்த நிலையை நீட்டிக்கிறது. தென்மேற்குப் பருவத்தை உண்ணிக் காலமாகக் கொள்ளும் கேரளத்து, கடலோரக் கர்நாடகத்து அட்டவணைகளைக் கணவாய்க்குக் கிழக்கே கையாள முடியாமைக்குக் காற்றையே முதற்காரணமாகச் சொல்லத் தோன்றுகிறது.

வறட்சி தாங்கும் இனங்கள்

மேற்கூறியவை மைக்ரோபிளஸ் இனத்துக்கு உரியவை. எல்லா உண்ணிகளும் அவ்வாறல்ல. ஹயலோமா இனங்கள் வறண்ட நிலத்துக்கென அமைந்தவை. அவற்றின் மெழுகுப் படலம் உயர்ந்த வெப்பத்திலும் நெகிழ்வதில்லை. கண்களும் நீண்ட கால்களும் உடைய முதிர்ந்த ஹயலோமா, புல்லில் காத்திராமல் தரையில் ஓடிவந்து விலங்கைப் பற்றும். நண்பகல் வெயிலிலும் இது நிகழும். ஹயலோமா அனடோலிக்கம் தொழுவச் சுவரின் வெடிப்புகளில் தங்கி வாழ்வது; தைலேரியா அனுலேட்டா என்னும் குருதி ஒட்டுண்ணியைக் கடத்துவது. அந்நோய் காய்ச்சல், நிணநீர்க்கணு வீக்கம், குருதிச்சோகை எனக் கலப்பினப் பசுக்களை விரைவில் வீழ்த்தும். மைக்ரோபிளஸ் கடத்தும் பேபிசியா நோயில் சிறுநீர் காப்பி நிறமாகும். ‘உண்ணிக் காலம் முடிந்தது’ என்று கோடையில் உழவர் ஓய்வதற்கும், தைலேரியா அக்கோடையில் வருவதற்கும் இடையேயுள்ள முரண் இரு இனங்களின் வேறுபாட்டால் விளங்கும்.

நாயுண்ணியான ரைப்பிசெபாலஸ் சாங்குனியஸ் வீட்டுக்குள் வாழ்வதால் வெளிவானிலையிலிருந்து பெரிதும் தப்பிவிடுகிறது. கடும் வெப்பத்தில் அது நாயைவிட்டு மனிதரை நாடும் போக்கு மிகுகிறது என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

காட்டோரத்தின் ஒழுங்கு மற்றொன்று. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் அறியப்பட்ட குரங்குக் காய்ச்சலைக் கடத்தும் ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜீரா, மழை தொடங்கியபின் முதிர்நிலையில் வெளிப்பட்டு, நவம்பர் முதல் மே வரையான உலர்பருவத்தில் இடைப்பருவமாக இலைச்சருகில் மிகுகிறது. மனிதர் நோயுறுவதும் அப்போதே. மூங்கிலும் விறகும் தேனும் தேடி மக்கள் காட்டுக்குள் செல்லும் பருவமும் அதுவாகவே அமைந்துவிட்டது. 2012–13இல் இந்நோய் பந்திப்பூர்ப் பகுதியில் தோன்றியது. பந்திப்பூர் முதுமலையையும், முதுமலை சத்தியமங்கலத்தையும் தொடுகின்றன. கொங்குநாட்டின் வடமேற்கு விளிம்பில் ஆடுமாடு மேய்ப்போர் பொருட்டு, அங்குள்ள சருகுநிலத்தின் ஈரமணிகளைத் தனியே அளப்பது தேவை.

கொறங்காடு

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், கரூர் வட்டாரங்களின் சரளைச் செம்மண்ணில் வழிவழியாகப் பேணப்படும் மேய்ச்சல் நிலம் கொறங்காடு. தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. தனியாருக்கு உரிய இந்நிலத்தைச் சில ஏக்கர் அளவுள்ள அடைப்புகளாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றவற்றை ஓய்வாக விடுவர். காங்கேயம் மாடுகளும் மயிலம்பாடி, மேச்சேரி ஆடுகளும் இவ்வமைப்பால் வாழ்பவை.

ஓய்வு விடுவதன் நோக்கம் புல் தழைப்பதே. ஆயினும் ஆஸ்திரேலியாவில் உண்ணிக்கட்டுப்பாட்டு உத்தியாக வகுக்கப்பட்ட மேய்ச்சல் நில ஓய்வுக்கு இது முற்றும் ஒத்தது. மாடு இல்லாத நிலத்தில் இளவுண்ணி பட்டினியாலும் தாகத்தாலும் மடியும். எத்தனை நாளில் மடியும் என்பதே கேள்வி. உலர்ந்த கோடையில் சில வாரங்கள் போதும். குளிர்ந்து ஈரமான பருவத்தில் அது மூன்று, நான்கு மாதங்கள்கூடத் தாங்கும். ஆகவே மாசி முதல் வைகாசி வரை ஓரடைப்பை இரண்டு மாதம் மூடிவைத்தால் அது பெரும்பாலும் தூய்மையாகிவிடும். ஐப்பசியில் மூடிய அடைப்பை மார்கழியில் திறப்பதோ, முட்டைகள் பொரிந்து கொத்துக் கொத்தாகக் காத்திருக்கும் புல்லுக்குள் பசித்த மாட்டை ஓட்டுவதாகும். ஒரே இரண்டு மாத ஓய்வு, பருவம் மாறினால் எதிர்ப்பயன் தருகிறது. மழைக்காலத்தில் புல் வளம் மிகுந்திருப்பதால் ஓய்வை நீட்டிக்கவும் இயலும். நிலமும் அடைப்புகளும் குறைந்தவருக்கு அது எளிதன்று என்பதும் உண்மை. அத்தகையோர் பனி உலர்ந்தபின் மேய்ச்சலுக்கு விடுவதொன்றே செலவற்ற வழி. ஆனால் அப்போது உதிரும் உண்ணிகள் கட்டுத்தரையில் சேரும் என்பதால், கட்டுத்தரையை நாள்தோறும் கூட்டிச் சாணத்தைக் குழிசேர்ப்பது இதனோடு இணைந்தே செய்யப்பட வேண்டும்.

கிளுவை வேலியின் அடியைத் தனியே நோக்க வேண்டும். சருகு தங்கும், நிழல் விழும், காற்றுத் தடைபடும் அக்குறுகிய பட்டை, அடைப்பின் நடுவிடம் காய்ந்துபோன பின்னும் ஈரம் காக்கிறது. மாடுகள் நண்பகலில் ஒதுங்குவதும் வேலியோரத்திலும் வெள்வேல் நிழலிலுமே. முயலும் கௌதாரியும் உலவுவதும் அங்கேதான். துணியிழுத்து எண்ணும் ஆய்வுகள் அடைப்பின் நடுவில் மட்டும் மாதிரி எடுத்தால் கோடைக்கால எண்ணிக்கையைக் குறைத்தே மதிப்பிடும்.

உடலே புகலிடம்

மாட்டின் மேல் ஏறிவிட்ட உண்ணிக்கு வானிலை இல்லை. 21 நாட்களுக்கு அது நிலையான சூட்டிலும் ஈரத்திலும் வாழ்கிறது. சித்திரையில் கண்ணபுரத்திலும் ஆடியில் அந்தியூரிலும் கூடும் மாட்டுச்சந்தைகள் உண்ணிக்கு உகந்த ஈரப்பருவத்தில் அமைந்தவை அல்ல. எனினும் அங்கே கைமாறும் மாடு, மூன்று வாரங்களுக்கு முன் வேறொரு மாவட்டத்தின் புல்லில் பற்றிய உண்ணிகளைச் சுமந்து வருகிறது. புதிதாக வாங்கிய மாட்டைக் குறைந்தது மூன்று வாரம் தனியே கட்டி, உதிர்வனவற்றை அழித்து, அதன்பின் கொறங்காட்டில் விடுவதற்கான அடிப்படை இதுவே.

காங்கேயம் மாட்டின் தோல் இதே புகலிடத்தை உண்ணிக்கு எளிதில் தருவதில்லை. திமிலுடைய இந்திய மாட்டினங்கள், ஐரோப்பிய இனங்களையும் அவற்றின் கலப்பினங்களையும்விடக் குறைந்த உண்ணிகளையே முதிர விடுகின்றன. ஏறும் இளவுண்ணிகளுள் பெரும்பாலானவை நக்கப்பட்டோ தோலின் எதிர்வினையாலோ மடிகின்றன. ஒரே வானிலையில், ஒரே அடைப்பில், ஜெர்சிக் கலப்பினமும் காங்கேயமும் மேய்ந்தால், நிலத்தில் விழும் முட்டைகளில் பெரும்பங்கு கலப்பினத்தின் கணக்கிலேயே சேரும்.

மருந்து தெளிக்கும் நாளும் வேளையும் இவற்றிலிருந்து பெறப்படும். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்றவற்றை மாதந்தோறும் ஒரே நாளில் தெளிக்கும் வழக்கம், உண்ணி அருகிய மாதங்களிலும் எஞ்சிய சிலவற்றை மருந்துக்குப் பழக்குகிறது. டெல்டாமெத்ரினைத் தாங்கும் மைக்ரோபிளஸ் இந்தியாவின் பல மாநிலங்களில் அறியப்பட்டுள்ளது. ஈரமணிகள் நீளத் தொடங்கும் புரட்டாசி இறுதியிலிருந்து, முதல் தலைமுறை மாட்டின் மேல் பருத்து உதிரும் முன்பாக, மூன்று வாரத்துக்குள் அடுத்த தெளிப்பு அமையுமாறு இரண்டு அல்லது மூன்று முறை தெளிப்பது, அதே அளவு மருந்தில் கூடுதற் பயன் தரும். தெளிக்கும் வேளையாக மாலையைக் கொள்ளலாம்: இரவில் குருதி நிரப்பி விடியலில் உதிரக் காத்திருக்கும் பெண் உண்ணிகள் அப்போது இன்னும் மாட்டின் மேலேயே உள்ளன, காலைப் பால்கறப்புக்குப் பின் தெளித்தால் அன்று உதிரவேண்டியவற்றுள் பல ஏற்கெனவே தரையில் மறைந்திருக்கும்.